சந்தை மாறிக்கொண்டே இருக்கும்போது நிறுவனத்தை எப்படி வழிநடத்துவது?

"ஆண்டுத் திட்டம் மூன்றே மாதத்தில் பழசாகிவிடுகிறது, திட்டமே வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டம் வேண்டும். ஆனால் அது எந்த அனுமானங்களின் மேல் நிற்கிறது என்பதையும் கூடவே எழுதி வையுங்கள். பெரும்பாலும் ஐந்தாறுதான் தேறும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எச்சரிக்கை அளவு வையுங்கள். உதாரணமாக: "பழைய வாடிக்கையாளர்களில் 100க்கு 80 பேர் மீண்டும் வாங்குவார்கள். இரண்டு மாதம் தொடர்ந்து 70க்குக் கீழே போனால் விலையை மாற்றிப் பார்ப்போம். பொறுப்பு: விற்பனை மேலாளர்." எண், கெடு, பொறுப்பாளர் மூன்றும் இல்லையென்றால், சரிவைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் சும்மா இருந்துவிடுவார்கள்.

புகைப்பட ஃபிலிம் விற்றுவந்த கோடாக் நிறுவனம் 1975லேயே டிஜிட்டல் கேமராவைச் செய்து பார்த்தது; 2012ல் திவால் மனு கொடுத்தது. தொழில்நுட்பம் தெரியாததால் அது விழவில்லை. ஃபிலிம் தந்த லாபத்தை விட்டு நகர்வதுதான் கடினமாக இருந்தது. ஆகவே பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கையாவது எந்தத் துறைக்கும் ஒதுக்காமல் வைத்திருந்து, காலாண்டுக்கு ஒருமுறை தேவை பார்த்துக் கொடுங்கள். புதிதாக ஒன்றைத் தொடங்கும் கூட்டத்திலேயே எதை நிறுத்துகிறோம் என்பதையும் முடிவு செய்யுங்கள். மனம் வராத வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் அதே ஆட்கள் இரண்டு வேலையையும் அரைகுறையாகச் செய்வார்கள்.

கையிருப்புப் பணத்துக்கு, அடுத்த 13 வாரங்களில் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்ற கணிப்பு போதும், வாரந்தோறும் புதுப்பியுங்கள்.

மாறாமலே இருப்பதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: வாரத்துக்கு ஒரு திசையில் போவது. எச்சரிக்கை அளவைத் தொடாதவரை, போட்டியாளரின் ஒரு அறிவிப்புக்காகத் திட்டத்தில் கைவைக்காதீர்கள்.