அட்டெண்டன்ஸ் இல்லாத நாள்

வணக்கம் ஐயா,

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். இந்த ஆண்டு ‘ஃபிட்னஸ் ஹவர்’ பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். வாரம் மூன்று நாள், மாலை நான்கு மணிக்கு. அட்டெண்டன்ஸ் எடுத்தால் அறுபது பேர் வருகிறார்கள். எடுக்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட ஒரு நாள் பதினொரு பேர்தான். பி.டி. சாரிடம் கேட்டால், “விரட்டினாத்தான் மேடம் ஓடுவாங்க” என்கிறார். இந்த ஆர்வத்தை ஒரு ஆசிரியரால் உண்டாக்க முடியுமா, இல்லை அது அவரவர் சுபாவமா?

கே.

அன்புள்ள கே.,

சுபாவமும் உண்டு. ஆனால் அதன்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

விரட்டினால் ஓடுவார்கள் என்று உங்கள் பி.டி. சார் சொல்வது உண்மைதான், விரட்டும்வரை. நம் ஊரில் ஒரு பையனுக்கு ஓட்டம் எப்படி அறிமுகமாகிறது என்று பாருங்கள். லேட்டாக வந்தால் கிரவுண்டை மூன்று ரவுண்டு ஓடு. வீட்டுப்பாடம் எழுதவில்லையென்றால் தோப்புக்கரணம் போடு. பன்னிரண்டு வருடம் தண்டனையாகவே பார்த்த ஒன்றை, பதினெட்டு வயதில் ஆசையாகச் செய் என்றால் எப்படிச் செய்வான்? அதே பையன் பிள்ளையார் முன்னால் யாரும் சொல்லாமலே தோப்புக்கரணம் போடுகிறான். அங்கே முட்டி வலிப்பதாகத் தெரியவில்லை.

1971இல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு மட்டும் நடுவில் ஒரு முறை, புதிருக்கு ஒரு டாலர் வீதம் காசு. அடுத்த முறை காசு கிடையாது. இடைவேளையில் அறையில் தனியாக விட்டுப் பார்த்தபோது, காசு வாங்கிப் பழகியவர்கள் புதிரைத் தொட்ட நேரம் குறைந்திருந்தது. உங்கள் அட்டெண்டன்ஸ் நோட்டு அந்த டாலர் மாதிரி. பிறகு டெசியும் ரிச்சர்ட் ரயனும் சேர்ந்து இதை ஒரு பெரிய கோட்பாடாகவே வளர்த்தார்கள். நானாகத் தேர்ந்தெடுத்தேன், என்னால் முடிகிறது, இங்கே என்னைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்ற மூன்று உணர்வுகளும் இருந்தால், ஆள் யாரும் நிற்காவிட்டாலும் மனிதன் ஒன்றைத் தொடர்ந்து செய்வான் என்கிறார்கள்.

இரண்டாவதில்தான் நம் கல்லூரிகள் கோட்டை விடுகின்றன. பி.டி. சாரின் கண்ணெல்லாம் டீம் பசங்க மேல். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, நிர்வாகம் அவரிடம் கேட்பது கோப்பையைத்தான். மற்றவர்கள் ஓரமாக நிற்பார்கள். நான் கல்லூரியில் டீம் பசங்களின் பைகளுக்குக் காவல் இருந்தவன். தினமும் மாலை கிரவுண்டைச் சுற்றி நடக்கும் ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியர் ஒரு நாள், “சும்மாதானே உட்கார்ந்திருக்கே, ரெண்டு சுத்து வா, பேசிக்கிட்டே போவோம்” என்றார். போனேன். மூன்றாவது வாரம், “அன்னிக்கு மூச்சு வாங்குச்சு, இப்ப வாங்கலையே” என்றார். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வருடம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். நான் நடப்பதை விடவில்லை. தொப்பை குறையவில்லை என்பது வேறு விஷயம்.

நீங்கள் எழுதாத ஒன்று: அந்தப் பதினொரு பேரில் பெண்கள் எத்தனை? நான்கு மணிக்கு கிரவுண்ட் கிரிக்கெட் பையன்களுடையது. சுடிதாரும் துப்பட்டாவும் செருப்புமாக வருகிற பெண் எங்கே ஓடுவாள்? நாலரை மணி டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது? பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளைத்தான் ஆர்வமில்லாதவள் என்று எழுதிக்கொள்கிறோம். மாலைக்குப் பதில் மூன்று மணி பீரியடை கேட்டு வாங்க முடியுமா பாருங்கள். உடை மாற்ற ஒரு அறையும் அதற்கு ஒரு தாழ்ப்பாளும் வேண்டும். இதற்காக முதல்வர் அறையில் நீங்கள் போய் நிற்பது, ஆர்வமூட்டும் பேச்சு பத்துக்குச் சமம்.

நோட்டை நிறுத்தச் சொல்லவில்லை, நிர்வாகம் விடாது. வந்தவர்கள் என்ன செய்வது என்பதை மட்டும் அவர்களிடம் விடுங்கள். நடையோ, ஸ்கிப்பிங்கோ, த்ரோபாலோ, கபடியோ. ஸ்கிப்பிங் போடும் பெண் போன வாரம் முப்பது, இந்த வாரம் நாற்பது என்றால் அதை அவளிடம் சொல்லுங்கள், பக்கத்தில் நிற்பவளின் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். அப்புறம், நீங்களும் ஷூ போட்டுக்கொண்டு இறங்குங்கள். மேடத்துக்கும் மூச்சு வாங்குகிறது என்று தெரிவது அவர்களுக்குப் பெரிய தைரியம்.

கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கு. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுடையது 180. அறுபது பெயர் கூப்பிடத் தினம் பத்து நிமிடம் போனால் சரியாக 150. ஆனால் செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால் வருடத்துக்கு 180தான், மீதிப் பாதி வருடம் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

செமஸ்டர் லீவு முடிந்து வந்ததும், லீவில் என்ன செய்தீர்கள் என்று அந்தப் பதினொரு பேரிடம் கேளுங்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.