வயலில் கிடைத்த செப்புக் காசுகள்: நாமே வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் அருகே எங்களுக்குப் பூர்வீக நஞ்சை நிலம் உள்ளது. பட்டா என் அப்பா, பெரியப்பா இருவர் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் நான் விடுமுறைக்கு வந்தபோது, பொழுதுபோக்காக மெட்டல் டிடெக்டர் கொண்டு அறுவடை முடிந்த வயலில் தேடினேன். வரப்போரம் ஒரு முழ ஆழத்தில் உடைந்த கலயமும், அதற்குள் நாற்பதுக்கு மேற்பட்ட செப்புக் காசுகளும் கிடைத்தன. சிலவற்றில் மீன் சின்னம் தெரிகிறது. "நம்ம நிலத்துல கெடச்சது நமக்குத்தான், வெளிய மூச்சு விடாத" என்கிறார் பெரியப்பா. மதுரை வியாபாரி ஒருவர் விலை கேட்கிறார். அடுத்து ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் தேடலாம் என்று நண்பர் அழைக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பட்டா நம் பெயரில் இருந்தால் மண்ணுக்குள் இருப்பதும் நமக்கே சொந்தம் என்ற எண்ணம் நம் பக்கத்தில் பரவலாக உண்டு; சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியப் புதையல் சட்டம், 1878, மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எப்பொருளையும் புதையல் என்றே கொள்கிறது. அதன் 4ஆம் பிரிவின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர், இயன்ற விரைவில் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது கேட்கும்போது கொண்டுவருவதற்குப் பிணை கொடுக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 20ஆம் பிரிவின்படி உங்கள் பங்கு அரசுக்குப் போவதுடன், ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மறைப்பதற்கு உடந்தையாக இருக்கும் நில உரிமையாளருக்கும் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு என்பதை உங்கள் பெரியப்பாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

தெரிவித்தால் எல்லாம் பறிபோய்விடும் என்ற அச்சம்தான் பலரையும் மறைக்க வைக்கிறது. ஆட்சியர் அறிவிக்கை வெளியிட்டு, நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு நாளைக் குறித்து, உரிமை கோருவோரை அழைத்து விசாரிப்பார். நூறு ஆண்டுக்குள் தானோ தன் முன்னோரோ புதைத்தது என்று எவரும் நிரூபிக்காத நிலையில் அது உரிமையாளரற்ற புதையல் என அறிவிக்கப்படும். அதன்பின், உங்களுக்குள் வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நில உரிமையாளருக்கு மீதமும் சேரும். பெரியப்பா அந்த நாளில் நேரிலோ முகவர் மூலமோ வந்து உரிமை கோராவிட்டால் தம் பங்கை இழப்பார். நீங்கள் துபாய் திரும்பிவிடுவீர்கள் என்றால் உங்கள் சார்பில் முன்னிலையாக அப்பாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 16ஆம் பிரிவின்படி அரசு இக்காசுகளைத் தானே எடுத்துக்கொள்ள முடியும். அப்போது தரப்படுவது அவற்றின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. செம்பு என்றால் அது எவ்வளவு சொற்பம் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பழமைக்கு விலை வைக்காத இந்த விதி திருத்தப்பட வேண்டியது என்பது என் கருத்து. ஆயினும் அதைக் காரணம் காட்டிக் காசுகளை மறைக்க முடியாது.

வியாபாரியிடம் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம், தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972இன்படி தொல்பொருளாகும். உரிமமின்றித் தொல்பொருள் வணிகம் செய்யக் கூடாது, தனிநபர் எவரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஒரேயொரு காசைக்கூட நினைவுக்காகப் பெட்டியில் போட்டு விமானம் ஏறிவிடாதீர்கள். புளி போட்டுத் துலக்கவும் வேண்டாம்: களிம்போடு எழுத்தும் போய்விடும், அடையாளத்தை மறைக்கப் பொருளை மாற்றுவதையும் புதையல் சட்டத்தின் 20ஆம் பிரிவு குற்றமாக்குவதால் வீண் சந்தேகத்துக்கும் இடமாகும். கலயத்தின் ஓட்டுத் துண்டுகளையும் வீசாமல் வையுங்கள்; காசுகள் எப்போது, எப்படிப் புதைந்தன என்பதற்கு அவையும் சான்றாகலாம்.

ஆதிச்சநல்லூருக்குப் போகவே வேண்டாம். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டிய, முதுமக்கள் தாழிகள் புதைந்த அந்தத் தாழிக்காடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே உரிமமின்றித் தோண்டுவது, தொன்மைச் சின்னங்களையும் தொல்லியல் இடங்களையும் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. இச்சட்டங்கள் எதுவும் டிடெக்டரைப் பற்றிப் பேசுவதில்லை. கருவி ஒலித்த பிறகு மண்வெட்டியை எங்கே போடுகிறீர்கள் என்பதே வழக்காகும். தாமிரபரணிப் படுகை அரசுப் புறம்போக்கு என்பதையும், பாபநாசத்துக்கு மேலே புலிகள் காப்பகம் என்பதையும் நண்பருக்குச் சொல்லிவையுங்கள்.

கண்டெடுத்து எத்தனை நாளாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. சட்டம் நாள் கணக்கு எதையும் குறிக்கவில்லை என்றாலும், பிறர் மனுக் கொடுத்து அதிகாரிகள் வீட்டுக்கு வந்த பிறகு தெரிவிப்பதற்கும், நீங்களாகவே முன்வந்து தெரிவிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. சர்வே எண், கண்டெடுத்த தேதி, காசுகளின் எண்ணிக்கை, எடை, உத்தேச மதிப்பு, தாமதத்துக்கான உண்மைக் காரணம் ஆகியவற்றை எழுதி, புகைப்படங்களை இணைத்து, திருநெல்வேலி கொக்கிரகுளத்திலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். அப்பாவும் பெரியப்பாவும் அதே மனுவில் நில உரிமையாளர்களாகக் கையெழுத்திடுவது நல்லது.