இரவில் மட்டும் உதைக்கும் குழந்தை

கேள்வி: எனக்கு இது 31-வது வாரம். பகலில் அலுவலகத்தில் இருக்கும்போது குழந்தையின் அசைவு அதிகம் தெரிவதில்லை. இரவு பத்து மணிக்குப் படுத்தால் விடாமல் உதைக்கிறது. நான் நள்ளிரவு வரை போன் பார்ப்பதால்தான் குழந்தையும் தூங்குவதில்லை என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்: குழந்தை உங்களால் விழித்திருக்கவில்லை, கவலை வேண்டாம். கடைசி மூன்று மாதங்களில் மாலையிலும் இரவிலும் அசைவு கூடுவது இயல்பு. பகலில் நடமாட்டத்திலும் வேலையிலும் பல அசைவுகள் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். வயிற்றுக் குழந்தை நம்மைப் போல் இரவு முழுவதும் தூங்குவதில்லை. 20 முதல் 40 நிமிடம் அடங்கியிருக்கும், பிறகு புரளும். நலமாக உள்ள குழந்தை 90 நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருப்பது அரிது.

ஆனாலும் போன் விஷயத்தில் மாமியாரின் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். நம் மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில், உடலின் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. பாதிக் கர்ப்ப காலத்துக்குள் குழந்தைக்கும் அது உருவாகிவிடும். ஆனால் இருட்டில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோனை நேரத்துக்குச் சுரக்கக் குழந்தை பழகுவது பிறந்து இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகுதான். அதுவரை இரவைக் குழந்தைக்குச் சொல்பவர் நீங்கள்தான். உங்கள் ரத்தத்தில் ஏறும் மெலடோனின் நஞ்சுக்கொடியைத் தாண்டி அப்படியே குழந்தையிடம் போய்ச் சேர்கிறது. உடலை விழிப்புக்குத் தயாராக்க விடியற்காலையில் உங்களிடம் உயரும் கார்டிசோல் என்ற ஹார்மோனின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி முடக்கிவிடுகிறது. மெலடோனினுக்கோ அந்தத் தடை இல்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பூட்டும் ஏற்பாடு இது.

கண்ணில் விழும் பிரகாசமான வெளிச்சம் மெலடோனினைக் குறைத்துவிடும். ஆகவே படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை வைத்துவிட்டு, அறை விளக்கையும் மங்கலாக்குங்கள். காலையில் சிறிது நேரம் வெயில் வெளிச்சத்தில் நடங்கள். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தூங்கி எழுங்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். தூக்கம் வரவில்லை என்று மருத்துவரைக் கேட்காமல் மெலடோனின் மாத்திரை வாங்கிச் சாப்பிடவே கூடாது.

பிறந்த பிறகும் முதல் சில வாரங்களுக்குக் குழந்தை இரவு பகல் பாராமல் விழிக்கும். இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கும், பகல் பாலில் அது இல்லாத அளவுக்குக் குறைவு. இரவில் பெரிய விளக்கைப் போடாமல் பாலூட்டுங்கள்.

நீங்கள் அஞ்ச வேண்டியது உதைப்பதற்கு அல்ல, உதை குறைவதற்கு. தினமும் இரவு பத்து மணிக்கு உதைக்கும் குழந்தை ஒரு நாள் அடங்கிப்போனால், தூங்குகிறது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இடப்பக்கமாகப் படுத்துக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவுகள் தெரியாவிட்டாலோ, எண்ணிக்கை சரியாக இருந்தும் வழக்கம் மாறியதாக மனதுக்குப் பட்டாலோ, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நடு இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.