கன்பூசிய மதத்தில் சேர அரச வம்சச் சான்று வேண்டுமா?

கேள்வி: இந்தோனேசியாவின் மேடானில் இருக்கிறேன். அம்மா தமிழர், அப்பா சீனர். குடும்பப் பெயர் லாவ். அடையாள அட்டையில் பௌத்தம் என்று இருப்பதைக் கோங்ஹுச்சு (இங்கே கன்பூசிய மதத்தின் பெயர்) என்று மாற்றி, அந்த முறைப்படியே கல்யாணம் செய்ய ஆசை. மணப்பெண்ணும் அதே மதம். ஹான் பேரரசர் லியூ பாங்கின் வாரிசு என்று வம்சாவளிச் சான்று காட்ட வேண்டும் என்று சொல்லி ஒரு தரகர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபியாகூடக் கொடுக்காதீர்கள். கோங்ஹுச்சுவில் சேர யாரும் வம்சம் கேட்பதில்லை. உங்கள் ஊரில் மாக்கின் என்ற கோங்ஹுச்சு சபையின் வழிபாட்டுக்கூடமான லித்தாங்குக்கு நேரில் போய், மதகுருவிடம் கடிதம் வாங்குங்கள். அதோடு குடும்ப அட்டை, அடையாள அட்டை, விவரத் திருத்தத்துக்கான எஃப்-1.06 படிவம் ஆகியவற்றை டுக்சாபில் என்ற குடிமக்கள் பதிவு அலுவலகத்தில் கொடுங்கள். கட்டணம் கிடையாது, 2013 சட்டத் திருத்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. லித்தாங்கில் கல்யாணம் முடிந்ததும் 60 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

"பௌத்தம் என்றே இருக்கட்டுமே" என்று கவுண்ட்டரில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். 1967 அதிபர் ஆணை சீனர்களின் வழிபாட்டை வீட்டுக்குள் முடக்கியது. 2000-ல்தான் அது ரத்தானது. இந்த மதப்படி நடந்த ஒரு கல்யாணத்தைப் பதிவுசெய்ய, சுரபாயாத் தம்பதி ஒன்று உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு மக்கள் ஏன் இன்னும் கெஞ்ச வேண்டும்?

தரகர் விற்கும் ஏட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த ஹான் அரசர்களின் பட்டியல் இருக்கும். கடைசியில் நீங்கள் சொன்ன தாத்தா பெயரை ஒட்டியிருப்பார்கள். நடுவில் பல நூற்றாண்டு வெறும் பெயர்கள்தான். லாவ், லியூ இரண்டும் ஒரே சீன எழுத்துதான். ஆனால் அந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் அரச ரத்தம் அல்ல. தோற்ற எதிரியான சியாங் குலத்தாருக்கே லியூ பாங் தன் பெயரைக் கொடுத்தார். 304-ல் அரசு அமைத்த சியோங்னு என்ற வடக்கத்திய நாடோடி இனத் தலைவன் லியூ யுவானும் அதே பெயரைத்தான் வைத்திருந்தான். லியூ பாங்கின் சொந்தத் தந்தையைக்கூடப் பழைய வரலாற்று நூல் 'பெரியவர்' என்று மட்டுமே குறிக்கிறது.

இவ்வளவு நீண்ட வம்சாவளி ஏடுகளில் விதிவிலக்கு ஒன்று உண்டு. கன்பூசியஸின் கோங் குலம். 2009-ல் வெளியான அவர்கள் வம்சாவளியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பெண்களையும் அதில்தான் முதல்முறையாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் எழுத்து முன்பே குறிக்கப்பட்டிருக்கும்: 77-ஆம் தலைமுறைக்குத் 'தெ', 78-ஆம் தலைமுறைக்கு 'வெய்'. வட்டார உச்சரிப்பில் ஒலி மாறிவிடும், அதனால் சீன எழுத்தையே பார்க்க வேண்டும். அந்தக் குலத்தவர்கூட மதத்தில் சேர இதைக் காட்ட வேண்டியதில்லை.

உண்மையான வேர் தெரிய வேண்டுமா? தாத்தாவின் கல்லறைக் கல்லைப் படம் எடுங்கள். மேலே குறுக்காகப் பொறித்திருப்பது பெரும்பாலும் சொந்த ஊர் அல்லது மாவட்டத்தின் பெயர். 'பெங்செங்' என்றிருந்தால் அது லியூக்களின் பொதுப் பட்டம், உங்கள் சொந்த ஊர் அல்ல. அப்போது பக்கவாட்டு எழுத்துகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். ஊர் கிடைத்தால் அங்குள்ள குலக்கோயில் ஏட்டைக் கேளுங்கள். அந்த ஊரில் முதலில் குடியேறியவர் தொடங்கி, மனைவியின் குடும்பப் பெயரும் அடக்கம் செய்த இடமும் எழுதியிருக்கும் பக்கங்களைத்தான் நம்பலாம்.