அம்மாவுக்குப் புரியாதாம்!

கேள்வி: பத்து காவானில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி ஏஸ் சந்தையில் (மலேசியப் பங்குச் சந்தையில் வளரும் கம்பெனிகளுக்கான பிரிவு) பட்டியலாகப்போகிறது. மூன்று வருடமாக லாபம் ஏறுமுகம். பங்கு ஒதுக்கும் குலுக்கலில் வாய்ப்பு கூடட்டும் என்று அம்மா பெயரிலும் சிடிஎஸ் கணக்கு (பங்குகளை வைக்கும் கணக்கு) திறந்து, அவருடைய இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் 20,000 ரிங்கிட் எடுத்து விண்ணப்பிக்க நினைக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பது வருடம் மைக்ராஸ்கோப் பார்த்தவர். இதெல்லாம் அவருக்குப் புரியாது, கையெழுத்துப் போட்டுவிடுவார். வாங்கலாமா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: 'அவருக்குப் புரியாது' என்ற இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை, தம்பி. முடியைவிட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவருக்கு, அதே தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கிற கம்பெனி புரியாதா? ஆர்டர் குறைந்தால் முதலில் ஓவர்டைம் நிற்கும், அப்புறம் ஷிப்ட் குறையும். சந்தைக்குத் தெரியும் முன்பே அதைச் சம்பளச் சீட்டில் படித்தவர் அவர்.

கம்பெனி தன்னைப் பற்றி வெளியிடும் ப்ராஸ்பெக்டஸை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். பெரிய வாடிக்கையாளர் பட்டியலைப் பாருங்கள். வருமானத்தில் பாதி ஒரே இடத்திலிருந்து வருகிறதா? அந்த ஒருவர் ஆர்டரை வியட்நாமுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று அம்மாவையே கேளுங்கள். லாபம் ஏறியது விற்பனையாலா, அரசு சில வருடத்துக்கு மட்டும் தரும் பயனியர் வரிச்சலுகையாலா? சலுகை எந்த வருடம் முடிகிறது? திரட்டும் பணம் மெஷினுக்கா, வங்கிக் கடனுக்கா? பழைய முதலாளிகள் தங்கள் பங்கை விற்கும் 'ஆஃபர் ஃபார் சேல்' எவ்வளவு? அந்தப் பணத்தில் ஒரு காசுகூடக் கம்பெனிக்குள் போகாது.

இனி அந்த விண்ணப்பத்துக்கு வருவோம். லாபம் வந்தால் யாருக்கு என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்களுக்கு என்றால், சட்டமே ஒப்பாது: சிடிஎஸ் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ பங்கும் அவருக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பது 1991-ஆம் ஆண்டுச் சட்டம். அம்மாவுக்கு என்றால், முடிவும் அவருடையதுதானே? கையெழுத்துப் போட்டுவிடுவாராம்! உங்கள் ரிப்போர்ட் கார்டில்கூட மார்க்கைப் பார்த்த பிறகுதான் போட்டிருப்பார்.

இபிஎப் பணத்தைத் தொடாதீர்கள். 2024-க்கு 6.30 விழுக்காடு ஈவு கொடுத்த பணம் அது; நூறு வயது வரை அங்கேயே கிடக்கலாம். அவருடைய கண் ஆபரேஷனுக்கும் முட்டி வலிக்கும் நீங்கள் செலவழிக்க வேண்டிய வயது இது. அவர் சேமிப்பில் கைவைத்துக் குலுக்கலுக்குப் போகிற பிள்ளையிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

வாங்கியே ஆக வேண்டுமா? சரி, உங்கள் பெயரில், உங்கள் சம்பளத்தில், போனாலும் வீட்டுத் தவணை நிற்காத அளவுக்கு. விண்ணப்பத் தேதிக்குள் படித்து முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பட்டியலான பிறகும் அந்தப் பங்கு சந்தையில் கிடைக்கும். முதல் ஆறு மாதம் நிறுவனர்கள் விற்க முடியாது. ஏழாவது மாதம் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்கினாலும் குடி முழுகிவிடாது.