வாசகர் கேள்வி – பதில்: சோக்கலோ சதுக்கமும் சாய்ந்த பேராலயமும்

கேள்வி: அலுவலக வேலையாக மெக்சிகோ நகரத்துக்குச் செல்லவிருக்கிறேன். அரை நாள்தான் ஓய்வு கிடைக்கும். சோக்கலோ சதுக்கத்தையும் அங்குள்ள பேராலயத்தையும் அதற்குள் பார்த்துவிட முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். மெட்ரோவின் 2ஆம் தடத்தில் சோக்கலோ நிலையத்தில் இறங்கிப் படியேறினால் சதுக்கத்துக்கே வந்துவிடுவீர்கள். வடக்கே பேராலயம், கிழக்கே தேசிய மாளிகை. நகரம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வந்திறங்கிய அன்றே வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும்.

பேராலயத்தின் கட்டுமானம் 1573இல் தொடங்கி 1813இல்தான் முடிந்தது. இந்த 240 ஆண்டுகளில் கட்டடப் பாணிகள் மாறிக்கொண்டே இருந்ததால், கடைசியில் வந்த கட்டடக் கலைஞர் மானுவேல் டோல்சா, முகப்பையும் குவிமாடத்தையும் தம் காலத்துப் பாணியில் முடித்துவைத்தார். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஹெரோனிமோ டெ பல்பாஸ் வடித்த, பொன் இழைத்த அரசர் பீடத்தை நோக்கித்தான் விரைகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் குவிமாடத்துக்கு நேர் கீழே போய் நிற்க வேண்டும் என்பேன். அங்கே மேலிருந்து நீண்ட கம்பியில் ஒரு தூக்குக்குண்டு தொங்குகிறது. கட்டடம் எந்தக் காலத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்பதை அதன் கீழே தரையில் உள்ள கோடு காட்டுகிறது. நம் ஊர்க் கொத்தனாரின் கையிலிருக்கும் அதே கருவிதான், அளவுதான் பெரிது.

கேள்வி: அந்தப் பேராலயம் ஏன் சாய்ந்தது? உள்ளே செல்வதில் ஆபத்து இல்லையா?
– வாசகி, மதுரை

பதில்: ஸ்பானியர்கள் வருமுன் இங்கு ஆண்ட ஆஸ்டெக் மக்களின் தலைநகரான டெனோச்டிட்லான், டெஸ்கோகோ ஏரியின் நடுவே இருந்த தீவில் அமைந்திருந்தது. 1521இல் அதைக் கைப்பற்றிய ஸ்பானியர்கள், கோயில்களை இடித்து, அந்தக் கற்களையே எடுத்து அதே இடத்தில் தங்கள் நகரத்தைக் கட்டினார்கள். அடியில் இருப்பது தண்ணீர் ஊறிய களிமண். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச அது அமுங்குகிறது. பழைய கோயில்களின் பாரத்தால் முன்பே இறுகிய இடங்கள் குறைவாகவும் மற்றவை அதிகமாகவும் இறங்குவதால்தான் கட்டடம் கோணுகிறது. 1993 முதல் 1998 வரை பொறியாளர்கள் அடியில் கிணறுகள் போலத் தோண்டி, மேடாக நின்ற பகுதிகளின் கீழிருந்து களிமண்ணைச் சிறிது சிறிதாக அகற்றி, அந்தப் பகுதிகளையும் இறங்கச் செய்தார்கள். முழுவதும் நிமிர்த்துவது அவர்கள் நோக்கமன்று. ஏற்றத்தாழ்வைக் குறைத்துக் கட்டடத்தைக் காப்பாற்றினார்கள். வழிபாடு இன்றும் நடக்கிறது, அஞ்சாமல் செல்லலாம்.

கேள்வி: இடிக்கப்பட்ட கோயிலின் மிச்சத்தைப் பார்க்க முடியுமா? புகழ்பெற்ற சூரியக் கல்லும் அங்கேதான் உள்ளதா?
– வாசகர், ஈரோடு

பதில்: முடியும். 1978இல் பேராலயத்தின் பின்புறத் தெருவொன்றில் மின்வாரியத் தொழிலாளர்கள் தோண்டியபோது, கொயோல்ஷௌகி என்ற நிலவுத் தெய்வம் உறுப்புகள் துண்டிக்கப்பட்டுக் கிடப்பதாகச் செதுக்கிய, மூன்று மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள வட்டக்கல் கிடைத்தது. அதைத் தொடர்ந்து நடந்த அகழாய்வில்தான் டெம்ப்லோ மயோர் என்னும் பெருங்கோயில் வெளிப்பட்டது. இப்போது அது அருங்காட்சியகத்துடன் திறந்திருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை.

ஆஸ்டெக் மக்கள் செதுக்கிய பெரிய வட்டக்கல்லான சூரியக் கல் அங்கே இல்லை. 1790இல் சதுக்கத்தில் கிடைத்த அந்தக் கல்லைப் பேராலயக் கோபுரச் சுவரிலேயே பதித்து வைத்திருந்தார்கள், 1885இல் அகற்றிவிட்டார்கள். இப்போது சபுல்தெபெக் பூங்காவிலுள்ள தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குத் தனியாக இன்னோர் அரை நாள் வேண்டும்.