காரின் மேலே எதை ஏற்றலாம்? கேரியர் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கூடாரத்தோடு மலைப்பக்கம் கிளம்பும் சென்னைக் குடும்பங்களிடமிருந்து காரின் மேல் கேரியர் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

முகப்பேர் வாசகர்: எங்களுடையது சின்ன எஸ்யூவி. ஜி.பி. ரோட்டில் நாலடிக்கு மூன்றடி கேரியர் வாங்கி மாட்டியிருக்கிறோம். கடைக்காரர் 100 கிலோ தாங்கும் என்கிறார். வண்டியோடு வந்த புத்தகத்தில் 50 கிலோ என்றுதான் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

புத்தகத்தில் இருப்பதைத்தான். கடைக்காரர் சொல்வது கேரியர் கம்பியின் பலம். உங்கள் கூரையும், அதில் கேரியரைப் பிடித்திருக்கும் கிளாம்பும் எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு. கூரைக்கு ஒரு எண், கேரியரைத் தாங்க கூரையின் குறுக்கே போடும் கிராஸ் பாருக்கு ஒரு எண், கேரியருக்கு ஒரு எண் இருக்கும். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் அளவு.

அந்த 50 கிலோவில் கேரியரின் எடையும் சேர்த்தி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரும்புக் கேரியர் 15 கிலோ, இரண்டு கிராஸ் பார் 5 கிலோ என்று வைத்துக்கொண்டால் சாமானுக்கு மிஞ்சுவது 30 கிலோதான். கூடாரம் 6 கிலோ, நான்கு தூங்கும் பை 6 கிலோ, நான்கு ஃபோம் பாய் 2 கிலோ, நான்கு மடக்கு நாற்காலி 12 கிலோ, தார்ப்பாயும் ஸ்ட்ராப்பும் வலையும் 4 கிலோ. கணக்கு முடிந்துவிட்டது. வீட்டில் எடை பார்க்கும் மெஷினில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு வெறுமனே நின்று கழித்துப் பாருங்கள். கண்மதிப்பு பெரும்பாலும் குறைவாகத்தான் சொல்லும்.

இன்னொன்று. சில மாடல்களில் கூரையின் இரு ஓரமும் நீளவாக்கில் ஓடும் கூரை ரெயில் அழகுக்கு மட்டும் வைத்தது. அதில் பாரமே ஏற்றக்கூடாது என்று புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கேரியர் வாங்கப் போக வேண்டும்.

மேடவாக்கம் வாசகர்: கொல்லிமலைக்குப் போகிறோம். கேரியரில் எதை முன்னால், எதை பின்னால் வைப்பது? 20 லிட்டர் தண்ணீர் கேனை மேலே வைத்தால் உள்ளே இடம் கிடைக்குமே?

தண்ணீர் கேன் மேலே வேண்டாம். ஒரு கேனே 20 கிலோவுக்கு மேல். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கேனுக்குள் தண்ணீர் புரண்டு, கட்டிய ஸ்ட்ராப்பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பாரம் உயரத்தில் இருந்தால் வண்டி வளைவில் அதிகமாகச் சாயும். தண்ணீர், அரிசி மூட்டை, அடுப்பு, பாத்திரம், டூல்ஸ் எல்லாம் டிக்கியின் அடியில், பின் சீட்டின் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். இடத்தை அடைப்பதும் எடை குறைந்ததுமான சாமான் எதுவோ அதுதான் மேலே போக வேண்டும். கேரியர் விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்காத ஒரே விதி இது.

அடுக்கும் முறை இப்படி. முதலில் கேரியரின் தரையில் ஃபோம் பாய்களை விரித்துவிடுங்கள்; சாமான் வழுக்காது, கம்பி உரசிப் பை கிழியாது. கூடாரமும் அதன் கம்பிப் பையும் மேலே போவதில் கனமானவை. அவற்றை இரண்டு கிராஸ் பாருக்கும் நடுவில், நீளவாக்கில் வையுங்கள். நாற்காலிகள் அவற்றின் இரு புறமும், இடமும் வலமும் எடை சமமாக. தூங்கும் பைகளைக் கடைசியில் இடைவெளிகளில் திணியுங்கள். முன்பக்கம் தாழ்வாகவும் பின்னால் போகப் போகச் சற்று உயரமாகவும் இருந்தால் காற்று ஏறி வழிந்துவிடும். முன்பக்கம் செங்குத்தாக நின்றால் காற்று அடியில் புகுந்து தூக்கும்.

ஆனால் கேரியரின் முன் கம்பிக்கும் சாமானுக்கும் இடையே இடைவெளி விடாதீர்கள். காய்ந்த சாலையில் பலமாக பிரேக் அடித்தால், 30 கிலோ சாமான் 24 கிலோ எடை தள்ளும் அளவு விசையோடு முன்னால் பாயும். கம்பியை ஒட்டியிருந்தால் கம்பி தாங்கிவிடும். ஒரு சாண் இடைவெளி இருந்தால் அங்கேயே வேகம் எடுத்துத்தான் வந்து இடிக்கும்.

அடுக்கி முடித்ததும் டிக்கிக் கதவை முழுதாகத் திறந்து பாருங்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சாமானில் கதவின் விளிம்பு இடித்தால் பெயின்ட் போவதோடு, வழியில் டிக்கியைத் திறக்கவே முடியாது. சன்ரூஃப் உள்ள வண்டி என்றால் பயணம் முடியும்வரை அந்தப் பட்டனைத் தொட வேண்டாம் என்று குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்.

குரோம்பேட்டை வாசகர்: கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு ஆறு போட்டுக் கட்டியும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பை சரிந்து தொங்கிவிட்டது. எந்தக் கயிறு நல்லது?

எலாஸ்டிக் கயிறு இழுத்தால் நீளும். ஆறு போட்டாலும் ஆறும் சேர்ந்து நீளும். ஸ்பீடு பிரேக்கரில் மூட்டை எகிறும்போது கயிறு விட்டுக்கொடுத்து, திரும்பி வரும்போது வேறு இடத்தில் உட்கார வைக்கும். கொக்கி கழன்றால் கண்ணைப் பறித்துவிடும். வலையை இழுத்துப் பிடிக்கவோ தார்ப்பாய் ஓரத்தை அடக்கவோ மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

முக்கியக் கட்டுக்கு 25 மில்லிமீட்டர் அகல பாலியெஸ்டர் ஸ்ட்ராப், 3 மீட்டர் நீளத்தில் நான்கு. குறுக்கே மூன்று, நீளவாக்கில் ஒன்று. கொக்கியைக் கேரியரின் ஓரக் கம்பியில் மட்டும் மாட்டாமல், ஒரு ஸ்ட்ராப்பையாவது கிராஸ் பாரைச் சுற்றி எடுங்கள். கேரியரின் போல்ட் கழன்றாலும் சாமான் வண்டியோடு இருக்கும். நைலான் மழையில் நனைந்தால் நீளும், பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. பட்டையில் போட்டிருக்கும் பெரிய எண் அறுபடும் எடை. பாதுகாப்பாகப் பயன்படுத்தும் எடை பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் ஸ்ட்ராப்பை இந்த வேலைக்கு நாங்கள் சொல்வதில்லை. கைப்பிடியை நாலு முறை ஆட்டினால் கிராஸ் பாரே வளையும் அளவுக்கு இறுகிவிடும். நாற்காலிக் குழாய் நசுங்கும். கையால் இழுத்து இறுக்கும் பக்கிள் போதும்.

ஸ்ட்ராப் கிடைக்காமல் கயிறுதான் என்றால், மஞ்சளும் நீலமுமாக வரும் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். அது வழவழப்பு, முடிச்சு நிற்காது. வெயிலில் கிடந்தால் நாரு நாராகப் பிரியும். பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் 8 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறு கேளுங்கள். லாரியில் லோடு கட்டுபவர்கள் போடும் இழுப்பு முடிச்சைக் கற்றுக்கொண்டால் போதும். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியை எதிர்ப்பக்கக் கம்பிக்கு அடியில் விட்டு, மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்துக் கீழே இழுங்கள். நேராக இழுப்பதைவிட நன்றாக இறுகும். விடாமல் பிடித்தபடியே கம்பியில் இரண்டு சுருக்கு போட்டு முடியுங்கள்.

எப்படிக் கட்டினாலும் முதல் 30 கிலோமீட்டரில் சாமான் படிந்து கட்டு தளரும். பெங்களூரு சாலை என்றால் ஸ்ரீபெரும்புதூரில், தெற்கே என்றால் வண்டலூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, ஸ்ட்ராப்பையும் கிளாம்பு போல்ட்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். போல்ட்டை இறுக்கும் ஆலன் கீ டேஷ்போர்டில் இருக்கட்டும். டிக்கிக்கு அடியில் போனால் எடுக்கவே மாட்டீர்கள்.

பெரம்பூர் வாசகர்: தார்ப்பாய் போர்த்தியும் மழையில் எல்லாம் நனைந்துவிட்டது. தார்ப்பாயும் கிழிந்தது.

ஓடும் வண்டிக்கு மழை மேலிருந்து விழுவதில்லை, முன்னாலிருந்து அடிக்கிறது. போர்வை மாதிரி மேலே போட்ட தார்ப்பாய் காற்றில் உப்பி, படபடத்து, வளையத்தின் ஓரத்திலிருந்து கிழிய ஆரம்பிக்கும். தார்ப்பாயை முதலில் கேரியரில் விரித்து, அதன்மேல் சாமானை அடுக்கி, பார்சல் போல மடியுங்கள். முன்பக்க மடிப்பு அடியில் போக வேண்டும். வாய் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஸ்ட்ராப் எல்லாம் தார்ப்பாய்க்கு மேலேதான்.

அதற்கும் மேலாக, நனையக் கூடாததைத் தனித்தனியாகக் காப்பாற்றுங்கள். தூங்கும் பையைக் கனமான பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி மடக்கி ரப்பர் பேண்ட் போட்டால், வடகிழக்குப் பருவமழையிலும் காய்ந்தே வரும். பைகளின் ஜிப் பின்பக்கம் பார்த்து இருக்கட்டும்.

திரும்பி வரும்போது ஈரக் கூடாரத்தை உள்ளே வைக்காமல் மேலே போடலாம். ஆனால் ஈரத்தில் அதன் எடை கூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். வீடு வந்த அன்றே மொட்டை மாடியில் விரித்துவிட வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் சுருட்டி வைத்தால் சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும்.

அம்பத்தூர் வாசகர்: சின்ன கேஸ் சிலிண்டரையும் பெட்ரோல் கேனையும் மேலே கட்டலாமா?

கூடாது. மே மாத வெயிலில் தகிக்கும் கூரைமேல் அவற்றை வைப்பது ஆபத்து. கேஸ் கேனிலேயே 50 டிகிரிக்கு மேல் சூடுபடுத்தாதே என்று அச்சிட்டிருப்பார்கள். விபத்தில் முதலில் தெறித்து விழுவதும் கேரியரில் இருப்பவைதான். மூடிய காருக்குள் பெட்ரோல் ஆவி சேர்வதும் அதே அளவு ஆபத்து. பெட்ரோலைக் கேனில் கொண்டு போகவே வேண்டாம். மலையடிவார பங்க்கில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அடையாறு வாசகர்: கேரியர் மாட்டியதிலிருந்து 60ஐத் தாண்டினால் ஒரே ஊளைச் சத்தம்.

சத்தம் இரண்டு இடத்திலிருந்து வரும். ஸ்ட்ராப் தட்டையாக இழுபட்டு நின்றால் காற்றில் அதிர்ந்து ரீங்கரிக்கும்; கட்டும்போது இரண்டு முறுக்கு கொடுத்தால் நின்றுவிடும். தொங்கும் நுனியைச் சுருட்டி அடியில் செருகுங்கள். வெறும் கேரியரே ஊளையிட்டால், முன் கிராஸ் பார்மீது ரப்பர் பட்டையைச் சுருளாகச் சுற்றிப் பாருங்கள். பயணம் முடிந்ததும் கேரியரைக் கழற்றி வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது. வெறும் கேரியரும் காற்றை எதிர்க்கும், பெட்ரோலைத் தின்னும்.

அண்ணா நகர் வாசகர்: சாமான் பக்கவாட்டில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் உண்டா?

உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில், அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கத்திலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ பாரம் நீட்டியிருந்தால் 20,000 ரூபாய். கண்ணாடி மடக்கிய அகலத்துக்குள்ளேயே எல்லாம் அடங்கட்டும். நம்பர் பிளேட்டையும் பின் விளக்கையும் தார்ப்பாய் மறைக்கக் கூடாது. தரையிலிருந்து சாமானின் உச்சிவரை டேப் பிடித்து அளந்து, அந்த எண்ணை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மால் பேஸ்மென்ட்டிலும் அபார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங்கிலும் நுழையும் முன் அந்த எண் கண்ணில் பட வேண்டும்.

வேளச்சேரி வாசகர்: ஏலகிரியில் குரங்குத் தொல்லை இருக்குமாமே?

இருக்கும். மேலே தின்பண்டம் எதுவும் வேண்டாம். காலி சிப்ஸ் பாக்கெட் கிடந்த பைகூட வேண்டாம். வாசனை பிடித்தால் வலையைப் பிய்த்து, தார்ப்பாயைக் கிழித்துவிடும். 14 வளைவு ஏறி மேலே போனதும் சாமானை இறக்கி முடிக்கும்வரை ஒருவர் வண்டி பக்கத்திலேயே நிற்கட்டும்.

பெசன்ட் நகர் வாசகர்: ஒரே வருஷத்தில் கேரியர் துருப்பிடித்துவிட்டது. பெயின்ட் அடித்தால் போதுமா?

துருவின் மேலேயே அடித்தால் ஆறு மாதத்தில் உரிந்துவிடும். கழற்றி, துருவை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு வரும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஜிங்க் பிரைமர் ஒரு கோட், பெயின்ட் இரண்டு கோட். வெல்டிங் மூட்டுகளைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தாலோ, செதில் உதிர்ந்தாலோ அந்தக் கேரியரில் பாரம் ஏற்றக் கூடாது, மாற்றிவிடுங்கள். கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அலுமினியக் கேரியர்தான் எங்கள் தேர்வு. மாட்டும்போது கிளாம்பு உட்காரும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அங்கே மணல் ஒட்டியிருந்தால் கூரைப் பெயின்ட்டைச் சுரண்டி, துரு கூரையில் ஆரம்பித்துவிடும்.